மூதாதையரை உள்ளபடி எழுதுவோம்





சில வருடங்களுக்கு முன்னர் லிந்துலையில் ஒரு ஜனாஸாவில் கலந்துகொள்ளும் சந்தர்ப்பம் எனக்குக் கிட்டியது. அக்கரப்பத்தனைப் பக்கமிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்த மாலை வேளை. மையவாடியில் கப்று தோண்ட இடம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், மௌத்தானவருடைய பேரனை அழைத்து, "தம்பி, உங்கள் நன்னாவின் அத்தாவும் இங்கேதான் அடங்கியிருக்கிறார் என்பார்கள். அது எந்தக் கப்று என்று தெரியுமா? பக்கத்திலேயே வைக்கலாம்" என்று கேட்டார்கள். பேரன் கொழும்பிலே நல்ல தொழில் பார்க்கும் படித்த இளைஞர். அவருக்குத் தெரியவில்லை. கப்று தெரியாதது பெரிய விடயமன்று. மலையகத்து மழையில் மீசான் கட்டை எத்தனை வருடம் நிற்கும்? ஆனால், அந்த மூதாதையின் பெயரும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. "நன்னாவின் பெயருக்கு முன்னால் 'ஐ' என்று ஓர் எழுத்து இருக்கிறது, அது எதைக் குறிக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை" என்றார்.

அங்கு நின்றிருந்த வயோதிபர் ஒருவர், லிந்துலைக் கடைவீதியில் நீண்ட காலம் தேநீர்க்கடை வைத்திருந்தவர், அந்த எழுத்தை அவிழ்த்துக் கொடுத்தார். "ஐ என்றால் இபுறாஹீம். இபுறாஹீம் இராவுத்தர். இராமநாதபுரத்துப் பக்கத்து ஆள். முதலில் தோட்டத்திலே பெயர் பதிந்து கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். பின்னர் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லயம் லயமாய் ஏறி இறங்கி விற்றார். கடையெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான்" என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். இளைஞர் வாய்மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வேளையில் குடும்பத்தின் மூத்த உறவினர் ஒருவர் தாழ்ந்த குரலில், "அதையெல்லாம் இப்போது எதற்கு?" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் அப்படிச் சொல்லவில்லை. அவர்களுடைய வீட்டுத் திருமண அழைப்பிதழ்களில் 'பாரம்பரிய வர்த்தகக் குடும்பம்' என்றே அச்சிடப்பட்டு வந்திருக்கிறது. எனினும் அந்தக் கேள்வி என் மனத்தில் தங்கிவிட்டது. இன்றைய உரை அந்தக் கேள்விக்கு நான் தேடிய விடையேயாகும்.

பரம்பரையை அறிவது வீண் வேலை என்று நமது மார்க்கம் கூறவில்லை. உறவுகளைச் சேர்ந்து நடப்பதற்கு வேண்டிய அளவு உங்கள் வம்ச வழியைக் கற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாகத் திர்மிதியில் இடம்பெறும் ஹதீஸை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹஸ்ரத் அபூபக்கர் (ரழி) அவர்கள் குறைஷியரின் வம்சாவளியை நன்கறிந்தவர்களாக விளங்கினார்கள். குறைஷியருக்கு எதிராகக் கவி பாட முன்வந்த ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரழி) அவர்களை, முதலில் அபூபக்கரிடம் சென்று வம்ச விபரங்களைத் தெளிந்துகொள்ளுமாறு நபியவர்கள் பணித்தார்கள் என முஸ்லிம் கிரந்தத்தில் காண்கிறோம். மனிதர்கள் கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்றும், இறையச்சம் மிக்கவரே கண்ணியம் மிக்கவர் என்றும் ஸூறதுல் ஹுஜுராத் உணர்த்துகிறது. அறிவதற்கு அனுமதி உண்டு; பெருமையடிப்பதற்கு இல்லை. பிறிதொருவரைத் தன் தந்தை என்று தெரிந்துகொண்டே உரிமை கோருவதை நபியவர்கள் மிகக் கடுமையாக எச்சரித்திருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனது மனத்தைத் தொட்ட செய்தி ஒன்று இப்னு மாஜாவில் பதிவாகியிருக்கிறது. நபியவர்களின் முன்னிலையில் ஒரு மனிதர் அச்சத்தால் நடுங்கினார். நான் அரசனல்லன், காய்ந்த இறைச்சியை உண்டுவந்த ஒரு பெண்ணின் மகன்தான் என்ற கருத்துப்பட அவர்கள் அவரைத் தேற்றினார்கள். குறைஷிக் குலத்தின் உயர்ந்த கிளையில் பிறந்தவர்கள், தம்மை அறிமுகம் செய்ய எடுத்துக்கொண்டது தாயாரின் எளிய உணவை! மக்காவாசிகளுக்குக் கூலிக்கு ஆடு மேய்த்ததையும் அவர்கள் மறைக்கவில்லை. கவ்வாத்துக் கத்தியை மறைக்க நாம் யார்?

இலங்கை முஸ்லிம்களாகிய நமது வரலாற்றில் உயர்ந்த பெயர்களும் சாதாரண பெயர்களும் ஒரே பத்தாயத்து நெல்லைப் போலக் கலந்தே கிடக்கின்றன. கண்டி இராச்சியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேராசிரியை லோர்னா தேவராஜா 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட இலங்கை முஸ்லிம்கள் பற்றிய நூலில், அரசர்களுக்கு வைத்தியம் செய்து நிலமும் பட்டமும் பெற்ற முஸ்லிம் குடும்பங்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கோபால என்ற பெயர் வழங்கும் வைத்தியக் குடும்பம் அவற்றுள் பேர்பெற்றது. அதே இராச்சியத்தில் முஸ்லிம்களிற் பெரும் பகுதியினர் 'மடிகே பத்த' எனப்பட்ட போக்குவரத்துப் பகுதியின் கீழ் அரசனுக்கு ஊழியம் செய்தவர்கள். பாக்கையும் உப்பையும் கருவாட்டையும் பொதிமாடுகளில் ஏற்றி, தவளம் ஓட்டி, கரைக்கும் மலைக்கும் இடையே நடந்தவர்கள் அவர்கள். ஊவாவிலோ கம்பளையிலோ ஒரு முஸ்லிம் இளைஞர் தன் மூதாதையைத் தேடினால், அவர் அரச வைத்தியராக இருப்பதைவிடத் தவளம் ஓட்டியவராக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால், குடும்பச் சரித்திரம் என்று கைக்கு வரும் தாள்களில் வைத்தியர்களும் ஆலிம்களுமே நிரம்பியிருக்கிறார்கள். மாட்டுக்காரர் ஒருவரும் இல்லை. அவ்வளவு மாடுகளையும் யார்தான் ஓட்டினார்களோ!

முன்னோர் யார் என்ற கேள்வி நமது சமூகத்தில் ஒரு காலத்தில் அரசியல் வாதமாகவே எழுந்தது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் வாசித்த கட்டுரையில், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதி வேண்டுமா என்பது பேசப்பட்ட காலம் அது. அடுத்த வருடமான 1889இல் முதலாவது முஸ்லிம் பிரதிநிதியாக எம். ஸீ. அப்துல் ரஹ்மான் நியமனம் பெற்றார். இராமநாதனுக்கு மறுப்பாக ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அவர்கள் 1907இல் ஒரு நூலை வெளியிட்டு, அறபு வர்த்தகரின் வழித்தோன்றல்கள் நாம் என்று நிறுவ முற்பட்டார். இருவரும் கற்றறிந்தோர். ஆயினும், ஒரு சமூகம் முழுவதற்கும் ஒரே பாட்டனைத் தேடும்போது உண்மையான பாட்டன்மார் பலர் விடுபட்டுப்போவது தவிர்க்க முடியாதது. அறபுக் கப்பலில் வந்தவர் உண்டு. அவரை மணந்த இந்த மண்ணின் பெண் உண்டு. காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் தோணியேறியவர் உண்டு. பெண்களின் பெயரையோ இரு தரப்பிலும் யாரும் கேட்கவில்லை.

மலையகத்துக்கு வருவோம். ஹற்றனுக்கு 1884இலும் நானுஓயாவுக்கு 1885இலும் இரயில் வந்தது. அதற்கு முந்திய கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். வழியிலேயே மாண்டவர்கள் அநேகர். இவ்வாறு வந்த தொழிலாளருள் முஸ்லிம்கள் சிறு தொகையினரே, எனினும் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அரிசியும் துணியும் கொண்டு வந்த முஸ்லிம் வியாபாரிகள், தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை ஆகிய கடைவீதிகளில் கால் ஊன்றினார்கள். இரு வகையினரும் ஒரே பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்றவர்கள்.

இங்குதான், பெற்றோர்களே, மூதாதையரை அறியாமையின் விலை எவ்வளவு என்பதை இந்நாட்டின் சட்டம் நமக்குக் காட்டியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், பிறப்பால் மட்டும் ஒருவரைப் பிரஜையாக ஏற்கவில்லை. இலங்கையில் பிறந்த ஒருவர்கூடத் தம்முடைய தந்தை இங்கு பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டியிருந்தது. லயத்தில் பிறந்த பூட்டனுக்கு யாரிடம் அத்தாட்சி இருந்தது? தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு செல்லும் வழக்கத்தால், இந்தியக் கிராமத்தில் பிறந்து கைக்குழந்தையாகவே தோட்டத்துக்குத் திரும்பியவர்களும் இருந்தார்கள். தாய் சென்ற அந்தச் சில மாதப் பயணம் பிள்ளையின் உரிமையையே கேள்விக்குறியாக்கியது. அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் 1951 ஆகஸ்ட் வரை விண்ணப்பிக்க அவகாசம் தரப்பட்டது. சுமார் 8 இலட்சத்து 24 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. இறுதியில் ஏற்கப்பட்டவர்கள் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர். 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், எஞ்சியோரை இரு நாடுகளுக்கும் இலக்கங்களாகப் பங்கிட்டது. அண்ணன் இராமேசுவரம் கப்பலில் ஏற, தம்பி தலைமன்னார்த் துறையில் நின்றான். அந்த ஒப்பந்தத் திகதியிலிருந்து இங்கு நிரந்தரமாக வசித்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வழி திறக்கும்வரை, நாடற்றவர் என்ற சொல் மலைநாட்டு வீடுகளில் புழங்கியது. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவான கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள், பெயரற்றுப்போன இம்மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டினார் என்பதையும் இவ்விடத்தில் நன்றியோடு நினைக்கிறேன்.

இளைஞர்களே, உங்களுடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பாடசாலையில் சேர்வதற்கும் அடையாள அட்டைக்கும் அதைப் பலமுறை போட்டோப் பிரதி எடுத்திருப்பீர்கள், வாசித்திருக்க மாட்டீர்கள். தகப்பனின் தொழிலையும் இனத்தையும் கேட்கும் நிரல்கள் அதில் உண்டு. பாட்டன் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய பெயர், பிறந்த வருடம், பிறந்த இடம் ஆகியவற்றைக் கேட்கும் கூடும் உண்டு. பூட்டனைப் பற்றியும் அவ்வாறே. நம்மிற் பலருடைய பத்திரங்களில் அந்தக் கூடுகளில் ஒரு கோடு மட்டுமே கீறப்பட்டிருக்கிறது.

குடும்பக் குறிப்பை எழுத ஆரம்பிப்பவர்கள் அநேகமாக ஒரே தவறைச் செய்கிறார்கள். உச்சியிலிருந்து தொடங்குகிறார்கள். யெமனிலிருந்து ஒரு ஷெய்கை அழைத்து வந்து, அவரிலிருந்து கீழ்நோக்கி இறங்கி, நடுவில் முந்நூறு வருட இடைவெளியைத் தாண்டிக் குதித்துத் தமது வாப்பாவிடம் வந்து சேர்கிறார்கள். அவ்வாறன்றி உங்களிலிருந்து தொடங்குங்கள். உங்கள் தாய், தந்தை. அவர்களுடைய தாய், தந்தை. ஒரு படிக்கு ஆதாரம் கிடைக்காவிடின் அங்கேயே நில்லுங்கள். ஷெய்கு வந்தது உண்மையாயின் அந்தச் செய்தியைத் தனித்தாளில், "எங்கள் குடும்பத்தில் இவ்வாறு சொல்லப்படுகிறது, எனக்குச் சொன்னவர் இன்னார்" என்று எழுதி வையுங்கள். சொன்னவரின் பெயரோடு செய்தியைப் பதிவது நமக்குப் புதிதன்று. ஹதீஸ்கலை வல்லுநர்கள் உலகுக்குக் கற்றுக்கொடுத்த ஒழுங்கே அது.

முதலில் கேட்கவேண்டியது வீட்டின் மூத்த பெண்களிடம். ஆண்கள் கடையையும் காணியையும் நினைவில் வைத்திருக்கிறார்கள். யார் யாருக்குப் பிறந்தார், எந்தப் பிள்ளை எந்த மழையில் மௌத்தானது, எந்த மருமகள் எந்த ஊரிலிருந்து வந்தாள் என்பதெல்லாம் பெண்களிடமே இருக்கின்றன. ஒரேயடியாக விசாரணை செய்யாதீர்கள். பழைய புகைப்படம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் அமர்ந்திருங்கள். அவர் அழைக்கும் உறவுச் சொற்களையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டிலேயே தந்தைவழியில் 'அத்தா', 'நன்னா' என்றும், கம்பளையிலிருந்து வந்த தாய்வழியில் 'வாப்பா', 'மூத்தப்பா' என்றும் அழைப்போம். சிறுவயதில் அதைக் கேலி செய்திருக்கிறேன். தமிழகத்து இராவுத்தர் வீடும் கண்டிச் சோனகர் வீடும் எங்கள் அடுப்படியில் சந்தித்ததற்கு அந்தச் சொற்களே சாட்சி என்பது பின்னர்தான் விளங்கிற்று.

பால்குடி உறவையும் மறவாது குறித்து வையுங்கள். ஒரே தாயிடம் பாலருந்தியவர்கள் மணமுடிக்கலாகாது என்பது நாமறிந்த சட்டம். உக்பா இப்னுல் ஹாரிஸ் (ரழி) அவர்கள் திருமணம் முடித்த பின்னர், உங்கள் இருவருக்கும் நானே பாலூட்டினேன் என்று ஒரு பெண் வந்து கூற, அவர் பிரிய நேர்ந்த நிகழ்ச்சி புகாரியில் உள்ளது. தாய் கொழுந்து பறிக்க மலைக்குப் போனபின் பக்கத்துக் காம்பராப் பெண் பிள்ளையைத் தூக்கிப் பாலூட்டுவது லயத்து வாழ்க்கையில் அன்பின் வழக்கமாயிருந்தது. அந்தப் பெண்மணிகள் இன்று எண்பதைக் கடந்துவிட்டார்கள். அவர்களுடைய நினைவோடு அந்த உறவும் புதைந்துபோனால், பேரப்பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும் நாளில் யாரைக் கேட்பீர்கள்?

எழுத்துச் சான்றுகளும் நாம் எண்ணுவதைவிட அதிகமாகவே உள்ளன. முஸ்லிம் விவாகப் பதிவுக்கு 1886இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. பழைய கடுத்தங்களில் மணமக்களின் தந்தையர் பெயரும் வலீயின் பெயரும் கிடைக்கும். குர்ஆன் பிரதியின் அல்லது மௌலிதுக் கிதாபின் முன்தாளில், அறபுத்தமிழில் பிள்ளைகளின் பிறந்த நாளைக் குறித்து வைத்த வீடுகள் உண்டு. எழுத்து விளங்கவில்லை என்று அந்தத் தாள்களை அப்புறப்படுத்திவிடாதீர்கள். மதரஸாவில் ஓதிய ஒருவரிடம் காட்டுங்கள். தோட்டத்துச் செக்றோல், பிரஜாவுரிமைச் சான்றிதழ், பழைய கடவுச்சீட்டு, கடைக் கணக்குக் கொப்பி ஆகிய யாவும் பேசக்கூடியவை. ஒரு பெயர் மூன்று பத்திரங்களில் மூன்று விதமாக இருந்தால் திருத்தி எழுத வேண்டாம். மூன்றையும் எழுதுங்கள். என்னுடைய பாட்டனார் ஒரு பத்திரத்தில் 'மீரான்', இன்னொன்றில் 'மீரா', மற்றொன்றில் 'மீராம்'. எழுதியவருக்குக் காது எவ்வளவு கேட்டதோ அவ்வளவுதான்.

குறைகளை எழுதலாமா என்று கேட்பீர்கள். வறுமையும் கூலித்தொழிலும் குறையல்ல, தயக்கமின்றி எழுதுங்கள். ஆனால் மௌத்தானவர்களின் பாவங்களையும் மானத்தையும் தோண்டியெடுப்பதற்கு நமக்கு உரிமையில்லை. கடனில் முறிந்த கடையை எழுதலாம். யாருடைய மணவாழ்க்கை ஏன் முறிந்தது என்பதை எழுத வேண்டியதில்லை. இந்த எல்லைக்கோடு சில வேளை மங்கலாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படிப்பட்ட இடங்களில், அவர் உயிரோடிருந்து நம் தோளுக்கு மேலால் எட்டி வாசித்தால் வெட்கப்படுவாரா என்று எண்ணிப் பார்ப்பது எனது வழக்கம்.

லிந்துலை மையவாடியில் நின்ற இளைஞர் பின்னர் என்னோடு தொடர்புகொண்டார். நன்னாவின் பிறப்புப் பதிவின் பிரதியை எடுத்திருந்தார். தகப்பனின் தொழில் என்ற கூட்டில் 'தோட்டத் தொழிலாளி' என்றே இருந்ததாம். "அதையெல்லாம் இப்போது எதற்கு?" என்று கேட்ட அந்த உறவினரிடமே அதைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு உள்ளே சென்று, துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு முழக்கோலை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாராம். துணி மூட்டையோடு லயம் ஏறிய காலத்தில் இபுறாஹீம் இராவுத்தர் அளந்து கொடுத்த கோல் அது. கொப்பியின் முதற் பக்கத்தில் அவருடைய பெயரும், கவ்வாத்து வேலையும், துணி வியாபாரமும் இப்போது வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. அவருடைய மனைவியின் பெயருக்கான இடம் மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கிறது. கோடு கீறி மூடிவிட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அக்கரப்பத்தனைப் பக்கத்தில் தொண்ணூறு வயதை எட்டிய ஒரு பெரியம்மா இருக்கிறாராம். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அவரைப் பார்க்கப் போவதாக அந்த இளைஞர் சொன்னார்.